பிரயாணத்தில் இருப்போர்

ஆராதனை எட்டு மணிக்கு.
ஏழேகாலுக்கு மான்கள் மதிலோரம் வந்து
பீடத்துக்கென்று வைத்திருந்த செவ்வந்தியை
வாளியோடு கவிழ்த்துத் தின்றன.
திருகோணமலையில் மான் விரட்டுவதும்
போதகர் வேலையென்று
இறையியல் கல்லூரியில் எவரும் சொல்லித் தரவில்லை.

காணிக்கைத் தட்டில் சட்டைப் பொத்தான் விழும் என்றும்
சொல்லவில்லை.
இரவு இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில்
யாரோ ஒருவரின் கையைப் பிடித்திருக்கையில்
மனப்பாடமான சங்கீதம் பாதியில் அறுந்துபோகும்,
அந்தக் கை அதைப் பொருட்படுத்தாது என்பதையும்.

தங்கரூபி அக்கா கேட்டது ஒன்றே ஒன்று:
மன்றாட்டில் மகனின் பெயர்.
"செத்தவையோட சேர்க்காதீங்கோ ஐயா.
நோயாளியளோடயும் வேண்டாம்,
அவனுக்கு ஒரு காய்ச்சலும் இல்லை.
பிரயாணத்தில இருக்கிறவையோட வாசியுங்கோ."

சுகிர்தன்.
அடையாள அட்டையைக் காட்டச் சொல்லி
உப்புவெளியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவன்.
பஸ் போய்விட்டது.
நான் அவனைக் கண்டதில்லை.
பள்ளிக்கூடப் படமொன்றின் இடது ஓரத்தில்
பாதிக் காது வெட்டுப்பட்டு நிற்கிறான்.

ஆறு வருசம் வாசித்தேன்.
கட்டாருக்குப் போன பிள்ளைகளுக்கும்
கண் ஒப்பரேசனுக்குக் கண்டி போன
ஓகன் எபனேசருக்கும் நடுவில்
சுகிர்தன்.
எபனேசர் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பினார்.
பெயர்கள் கழன்றன, வேறு பெயர்கள் ஏறின.
அவன் மட்டும் அதே மூன்றாம் வரியில்.

சில ஞாயிறுகளில்
அதைப் பொய்யென்று நினைத்துக்கொண்டே வாசித்தேன்.
சில ஞாயிறுகளில்
நான் சொன்ன அத்தனையிலும்
அது ஒன்றுதான் பொய்யில்லை என்று பட்டது.

பங்குனியில் அக்காவை அடக்கம் செய்தோம்.
மணல் நிலம். குழியின் விளிம்பு
சரிந்துகொண்டே இருந்தது,
பலகை வைத்துத் தடுத்தோம்.

பிறகு மாற்றக் கடிதம் வந்தது.
அதே கிழமை காஸ் முடிந்தது,
கூரைத் தகடொன்று காற்றோடு போனது.
"மட்டக்களப்பில வீடு ஒழுகாதாமோ?"
மனைவி கேட்டாள்.
அந்த ஞாயிறு
தாளைப் பாராமலே ஒப்புவித்துக்கொண்டு போனேன்.
"ஆண்டவரே, இவர்களை" என்று
மூச்செடுக்கும்போது

கடைசி வாங்கிலிருந்து
கிளாரன்ஸ்,
படகு எஞ்சின் திருத்துகிறவர்,
நத்தாருக்குக்கூட வாய் திறந்து பாடாதவர்,
நேற்றைய சாராயம் இன்னும் மூச்சில் நிற்க,
சொன்னார்:
"சுகிர்தன்."

ஒருவரும் திரும்பவில்லை.
எனக்குக் காது மந்தமென்று நினைத்தாரோ,
தொண்டையைச் செருமி
இன்னொரு தரமும் சொன்னார்.

வாசலில் கைகொடுத்தோம்.
அவரும் பேசவில்லை, நானும்.
உள்ளங்கையில் கிரீஸ்.
மத்தியானச் சோற்றுக்கு முன்
இரண்டு தரம் சவர்க்காரம் போட்டும்
ரேகைகளுக்குள் கறுப்பு நின்றது.
அது நிற்கட்டும் என்றிருந்தது.

புதிய போதகருக்கு வைத்த கொப்பியில்
அந்தக் கையாலேயே எழுதினேன்:
மூன்றாம் வரியை எடுக்க வேண்டாம்.
ஏனென்று கிளாரன்ஸிடம் கேட்கலாம்,
பின்னேரம் என்றால் நல்லது.

அதற்குக் கீழே,
பூ வாளியை
எட்டு மணிக்கு முன் வெளியில் வைக்க வேண்டாம்.