கடலிலிருந்து தூரம்

எங்கள் ஊர்ப் பெயரில் கப்பல் உண்டு.
ஊரில் உள்ளது சுங்கச்சாவடி, சிட்கோ பேட்டை,
கோடையில் வெடித்துக் கிடக்கும் ஒரு கண்மாய்.
கப்பலூர் என்று முகவரி சொன்னால்
தூத்துக்குடிக்காரர்கள் போனிலேயே சிரிப்பார்கள்.

அவர்களுக்குத்தான் ஏழு சங்கு செய்தோம்.
எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தால்,
வேலி தாண்டி எவனாவது நுழைந்தால்,
கடல் பின்வாங்கினால்
ஊத வேண்டிய சங்கு.
மூன்று கிலோமீட்டருக்குக் கேட்க வேண்டும்,
ஒப்பந்தம், பத்தி பதினான்கு, உட்பிரிவு இ.

பணம் மானியப் பணம்.
துறைமுகப் பாதுகாப்பு, அவசரகால ஆயத்தம், இரண்டாம் தவணை.
மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவாகாவிட்டால்
வந்த வழியே திரும்பிவிடும்.
அலையைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சோதிக்க வந்தவர் கிளாரன்ஸ் மச்சாது.
சட்டைப்பையில் டெசிபல் மீட்டர், கையில் குறடு.
பேட்டைக்குள் முழுசாக ஊதவிட முடியாது,
அரை வினாடி அரை வினாடியாகத் தும்மவிட்டார்.
கண்மாயில் நாலு கொக்கு கிளம்பியது.
"போதும்" என்றார்.
ஏழுக்கும் ஈய முத்திரை குத்திவிட்டு
மாட்டுத்தாவணிக்கு பஸ் எது என்று கேட்டுப் போனார்.

பத்தொன்பதாம் தேதி ராத்திரி, ரெண்டு பத்து.
பக்கத்து ரப்பர் ஷெட்டில் புகை.
உள்ளே பரணில் பதினொரு பேர் தூக்கம்,
பாலசோரிலிருந்து வந்த பையன்கள்.
ஒச்சப்பன் ஷட்டரை உதைத்தான்.
தெரிந்த இந்தி முழுவதையும் கத்தினான்,
அது அரை நிமிடத்தில் தீர்ந்துவிட்டது.
திரும்பி ஓடிவந்து
மூன்றாம் எண் சங்கின் முத்திரையைப்
பல்லால் பிய்த்து
ஜெனரேட்டரில் கோத்தான்.

நான் திருநகரில் இருந்தேன்.
முதலில் கேட்டது காதில் அல்ல,
அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்களில்.
ஐந்து கிலோமீட்டர்.
ஒப்பந்தத்தைவிட இரண்டு கூடுதல் என்று
செருப்பைத் தேடும்போதே மனசு கணக்குப் போட்டது.
அதற்கு இன்னும் வெட்கப்படுகிறேன்.

பதினொரு பேரும் வெளியே நின்றார்கள்.
ஒருவன் கையில் சார்ஜர், போன் இல்லை.
திருமங்கலத்திலிருந்து தீயணைப்பு வண்டி வருவதற்குள்
கூரை உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் டீக்கடையில்:
"ராத்திரி யாருக்கோ சங்கு ஊதிட்டாங்கன்னு நெனச்சேன்."
"ஊதுனாங்க. அதான் யாருக்கும் ஊதல."

இருபத்தாறாம் தேதி கடிதம்.
பார்வையில் கண்ட பணி ஆணையின்படி
மூன்றாம் எண் கருவியின் முத்திரை சிதைந்துள்ளதாலும்
பயன்படுத்திய பொருளுக்கு மானியத்தில் இடமில்லாததாலும்
விளக்கம் கோரப்படுகிறது.

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.
கடைசியில் ஒற்றை வரி:
ஐயா, வேலை செய்கிறது.

மச்சாது போன் செய்தார், குரலைத் தாழ்த்தி.
"பதினொண்ணுன்னு எழுதலாம்மா. ஃபைல்ல அதுக்குக் கட்டம் இல்ல."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"சங்கு கேட்டு எவ்வளவு நேரத்துல இறங்குனாங்க?
இங்க நெசமா ஊதி யாரும் பாத்ததில்ல."

பிஸ்வஜித்திடம் கேட்டேன்.
எண்பது எண்ணுவதற்குள் என்றான்.
அவன் ஊர் கடலோரம்.
புயலுக்கு இதே சத்தம்தானாம்,
கேட்டால் மூட்டை கட்டக் கூடாது,
ஆளை எண்ணு, ஓடு.
கனவில் ஊருக்குப் போய்விட்டதாகத்தான் முதலில் நினைத்தானாம்.

ஆறு சங்கு லாரி ஏறிப் போனது.
ஒன்றுக்கான பணம் அலையோடு போனது.
மூன்றாம் எண் இப்போது பேட்டைத் தண்ணீர்த் தொட்டியின் மேல்.
கரண்டு பில் யார் கட்டுவது என்று
சங்கத்தில் இன்னும் பேசுகிறார்கள்.

அடுத்த வருட மானியத்துக்குப் படிவம் வந்திருக்கிறது,
தவறுதலாக என் பெயருக்கு.
நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.
ஆபத்தின் வகை.
உத்தேச மதிப்பீடு.
ஆறாம் கட்டம்: கடலிலிருந்து தூரம்.

வாசலுக்கு எதிரே
தூத்துக்குடி கன்டெய்னர் லாரிகள்
சுற்றுச்சாலையில் திரும்பி வரிசையாகப் போகின்றன,
என்ன ஏற்றியிருக்கிறது என்று
எங்களில் யாருக்கும் தெரியாது.

எழுபது அடி என்று எழுதினேன்.
அதை அடித்து
நூற்று முப்பது கிலோமீட்டர் என்று எழுதினேன்,
அடித்தது படிக்கிற மாதிரி.