வளைந்த வரப்பு

கன்னடியன் கால் பாய்கிற வயல்,
வீரவநல்லூருக்குத் தெற்கே.
சர்வேயர் நூல் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"வரப்ப வளச்சது யாருவே,
நீரா, பூலுடையாரா?"

'நீரா' என்றதைத் தண்ணியென்று எடுத்துக்கொண்டு
ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.
பூலுடையார் சிரித்துவிட்டான். நானும்.
பதினேழு வருசத்தில் முதல்தடவை.

நண்டு என்று சொன்னால் எழுதிக்கொள்வாரா?

கார் நடவு முடிந்த ராத்திரிகளில்
என் தண்ணி அவன் வயலுக்குள் முணுமுணுத்துப் போகும்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
சேறு அப்பிக் குதிங்காலால் மிதிப்பேன்.
விடிந்தால் ஒரு சாண் தள்ளி இன்னொரு வளை.
அவன் தன் பக்கம் நின்று அடைப்பான்.
அதற்கும் ஒரு சாண்.

ரொம்ப நாள் கழித்துத்தான் பிடிபட்டது:
அது தோண்டுவதெல்லாம்
முந்தாநாள் நான் மிதித்த புதுச்சேற்றில்.
பழைய வரப்பு அதன் கொடுக்குக்குக் கல்.
நான் அடைக்க அள்ளுவதோ
அது வாசலில் உருட்டிப் போட்ட மண்.
யார் யாருக்குக் கூலியில்லாமல் வேலை பார்த்தோம்?

வளைவில் வண்டல் தங்கிற்று.
வண்டலில் கோரை.
கோரைக்குள் ஒற்றைக்காலில் மடையான்.
அதற்குப் பயந்து நண்டு
இன்னும் ஒரு முழம் ஆழம்.
என் மண்வெட்டி
இடப்பக்கமாய்த் தேய்ந்து கிடக்கிறது,
அந்த வளைவுக்கென்றே அடித்த மாதிரி.
என் இடுப்பும்தான்.

சர்வேயர் படத்தில் நேர்கோடு போட்டார்.
இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

இன்று ராத்திரி முறைத்தண்ணி எனக்கு.
கோட்டைத் தாண்டி
அது முணுமுணுக்கிறது.
டார்ச்சை இன்னும் எடுக்கவில்லை நான்.