பதினோராம் கேள்வி

மார்க்கம் வீதிக் கிளினிக்கில்
ஆடி மாத வெக்கையிலும் கழற்றாத
கறுப்பு ஹூடிக்குள் வர்ணிகா.
பதினான்கு வயது.
கைகளை உள்ளே இழுத்து
விரல் நுனி மட்டும் வெளியே,
ஃபோனுக்காக.

தாதி தந்த படிவத்தை நிரப்புகிறேன்.
பெயர். பிறந்த திகதி. உயரம்.
நிறைக்கு இடம் விட்டிருக்கிறது,
அதை அவர்களே எழுதுவார்களாம்.

'கிழமையில் எத்தனை நாள்
குடும்பமாக இருந்து சாப்பிடுகிறீர்கள்?'

இவருக்கு டோனட் கடையில் இரவு வேலை.
விடிய ஐந்தரைக்கு வந்து
விற்காமல் மிஞ்சியதைப் பெட்டியோடு
மேசையில் வைத்துவிட்டுப் படுப்பார்.
பிள்ளைகளுக்கு
அப்பா வந்து போன அடையாளம்
அந்தப் பெட்டி.
சில நாள் அதன் மூடியில்
சிரித்த முகம் ஒன்று கீறியிருப்பார்.

எனக்கு ஏழு மணி பஸ்.
முதியோர் இல்லச் சமையலறையில்
இருபத்தெட்டுப் பேருக்கு
உப்பில்லாமல் மசித்துக் கொடுக்கிறேன்.
வீட்டில் குளிர்பெட்டிக் கதவில்
ஒரு துண்டு ஒட்டியிருக்கும்:
கறி இரண்டாம் தட்டில், சூடாக்கிச் சாப்பிடு.
மைக்ரோவேவ் மூன்று தரம் கூவும்.
என் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல்
அதுதான்.

ஒரு நாள் என்று எழுதினேன்.
கலியாண வீட்டு ஞாயிறுகள் நினைவு வர
அதையும் வெட்டி
அரை ஆக்கினேன்.

'குடும்பத்தில் யாருக்காவது உண்டா?'
சீனி வருத்தம், சரி.
பிரஷர், சரி.
இதயம், என் தகப்பனுக்கு. சரி.
பசி என்று ஒரு பெட்டி இல்லை.
இருந்திருந்தால் இரண்டு தரம் சரி போட்டிருப்பேன்.
இவள் வயதில் நான்
கொடிகாமத்துப் பள்ளிக்கூட முற்றத்தில்
கஞ்சி வரிசையில் மூன்றாம் தரமும் நின்று
பிடிபட்டவள்.
வெறும் கோப்பையைக் கண்டால்
இன்றைக்கும் என் கை
அகப்பையைத் தேடுகிறது.
"இன்னும் கொஞ்சம் போடவா?"
அன்புக்கு வேறு சொல்
எனக்கு ஒருவரும் பழக்கவில்லை.

போன மாதம் ஒரு சாமத்தியவீடு.
மண்டப வாசலிலேயே சுகந்தி அக்கா
இவள் கன்னத்தைக் கிள்ளினா.
"நல்லா உடம்பு வைச்சிட்டாய், என்ன?"
அதே மூச்சில்
"ஏன் பிள்ளை சாப்பிடேல்லை, வடை எடு."
சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.
நானும்தான்.

திரும்பி வரும்போது காரில் சொன்னேன்:
சோத்தைக் குறை,
ஆவணியில சாறி உடுக்க வேணும்.
பின்சீட்டில் சத்தமில்லை.
அன்றிரவு பத்தரைக்கு
நானே தோசை வார்த்துக்கொண்டு போய்
அவள் கதவைத் தட்டினேன்.
திறக்கவில்லை.
அந்த நாலையும் தமையன் தின்றான்.
வளர்ற பெடியன் என்று
முதுகைத் தடவினேன்.

'பிள்ளையின் உடலைப் பற்றி
அதிகம் பேசுகிறவர் யார்?'

பதினோராம் கேள்வி.
பேனா நின்றது.
வர்ணிகா ஃபோனை மடியில் கவிழ்த்தாள்.
பேனாவை என் கையிலிருந்து எடுத்து
அந்தக் கோட்டின் மேல்
தமிழில் எழுதினாள்.
சனிக்கிழமைப் பள்ளிக்கூட எழுத்து,
சுழி கொஞ்சம் கோணல்,
புள்ளி மட்டும் கடதாசி துளைக்கிற அழுத்தம்:
அம்மா.

தாதிக்கு அதை வாசிக்கத் தெரியாது.

நிறை பார்க்கத் தனியே போனாள்.
திரும்பி வந்தபோது
எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.
கேட்காமல் இருக்கப்
பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

பஸ் தரிப்பில் நின்று
பசிக்குது என்றாள்.
பக்கத்துக் கடையில் மீன் றோல்ஸ் இரண்டு,
எண்ணெய் ஊறிய கடதாசிப் பை.
கடிக்க முன்
என் முகத்தைப் பார்த்தாள்,
றோட்டைக் கடக்க முன்
லைற்றைப் பார்ப்பது போல.

எப்போது பழகினாள் இதை?

வீதிப் பக்கம் திரும்பி
பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.
பதினைந்து நிமிடத்துக்கு வராது,
எனக்குத் தெரியும்.
முதுகுக்குப் பின்னால்
கடதாசி கசங்கும் சத்தம் கேட்கும் வரை
பார்த்துக்கொண்டே நின்றேன்.