மூலை நசுங்கிய பூக்கள்

இருநூறு பாகை.
எழுபது வினாடி.
காகிதத்தில் இடவலம் மாறி
மங்கிக் கிடந்த பூ
ஆவியாகி அலுமினியத்துக்குள் இறங்கும்.
அழுத்தியைத் தூக்கினால்
அரும்பாமல் முகையாமல்
ஒரேயடியாய் அலர்ந்திருக்கும்.

ஹாமில்டன், பார்ட்டன் வீதி.
டயர்க் கடைக்குப் பின்னால் எங்கள் அச்சகம்.
நூறு வருஷத்துக்கு முன்
பாதி கனவில் வரைந்த யாரோ ஒருவரின் பூச்சாடிகள்
வாரம் நாற்பதாவது போகும்,
வரவேற்பறைக்கு, கட்டில் தலைமாட்டுக்கு,
குளியலறைக்கும்கூட.
நீராவி இதை ஒன்றும் செய்யாது.

அந்தச் சாடிகளுக்குக் கீழே மேசை இல்லை.
கோப்பு பழுது என்று நினைத்து
முதல் வாரம் டிராகானாவிடம் ஓடினேன்.
மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள்.
"அவர் வரையவே இல்லை.
போய் அடுத்ததைப் போடு."

டிசம்பரில் ஒரு தகடு
பொதி கட்டும்போது நழுவி மூலை நசுங்கிற்று.
கேட்டவருக்கு வேறொன்று அடித்தோம்.
இதன் முதுகில் டிராகானா
கறுப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போட்டாள்.
பெருக்கல் விழுந்ததை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்,
எங்கும் எழுதாத சட்டம்.

பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.
எதிர் இருக்கைக் குழந்தை
கசகசாப் பூவின் சிவப்பில் தன் முகம் கண்டு
நாக்கை நீட்டியது.
பூவும் நீட்டியது.

வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது.
குளிர்சாதனப் பெட்டிக் கதவில் நிறுத்தலாமென்று
செந்தூரன் காந்தம் வாங்கிவந்தான்.
அலுமினியம் அதைச் சட்டை செய்யவில்லை.
"நாள் முழுக்கத் தகட்டோடு நிற்கிறாய்,
இதுகூடத் தெரியாதா?"
தெரியும்.
ஆனாலும் ஒருவேளை ஒட்டுமோ என்று
நானும்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பசைநாடா நான்கு நாள் தாங்கியது.
ஐந்தாம் இரவு, மூன்று மணி,
தாம்பாளம் எறிந்த சத்தம்.
கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால்
தன் முகட்டில் இடித்தார்.
விளக்கைப் போட்டால்
ஓர் இதழ் கலையவில்லை.

வீ.
உதிர்ந்த பூவுக்கென்றே ஒரு சொல் இருந்தது,
பள்ளியில் மனப்பாடம் செய்தது,
அந்த நேரத்தில் வந்து நின்றது.
செந்தூரனிடம் சொன்னேன்.
"வீயோ கீயோ,
விடிய வேலை. படு."

இப்போது அது சுவரில் இல்லை.
ஹீட்டரில் சாய்ந்து நிற்கிறது,
நசுங்கிய மூலை தரையில்.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
காலையில் புறப்படுமுன்
நீலத்தின்மேல் உள்ளங்கையை வைக்கிறேன்.
மேசையில்லாத சாடி
சுடுகிறது,
இப்போதுதான் அழுத்தியைவிட்டு வந்ததுபோல.

கையுறைகள் அதன் முதுகில் காய்கின்றன,
பெருக்கல் குறியின்மேல்.