அரை மாத்திரை

வெசனமா இருக்குதுங்களா என்றார் டாக்டர்.
ஈரோடு, பெருந்துறை ரோடு, டோக்கன் முப்பத்தொன்று.
வெசனம்னா அழுகை வருமுங்களே,
எனக்கு அதுவும் வரலீங்க என்றேன்.

ரிக் வண்டியில் பதினாறு வருசம்.
ஆயிரத்து இருநூறு அடி போயும்
வெறும் புகையாய்ப் பறக்கும் சில போர்கள்.
காட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமல்
பைப்பைக் கழற்றுவோம்.
மாசியிலிருந்து எனக்கு
அப்படித்தான் விடிந்தது.
எழுந்து பல் விளக்குவதே
இரண்டாள் வேலை.

திருச்செங்கோட்டு மலை ஏறிட்டு வா என்றார் மாமா.
கொழுப்பு என்றான் பங்காளி.
கோகிலவாணி ஒன்றும் சொல்லவில்லை,
கூடவே பஸ் ஏறினாள்.

இராத்திரி அரை மாத்திரை.
முதல் வாரம் நாக்கு வறண்டதுதான் மிச்சம்.
மூன்றாம் வாரம்
அட்டையைத் தூக்கிக் குப்பையில் போட்டேன்.
அவள் எடுத்துத் துடைத்து வைத்தாள்.

ஐந்தாம் வாரம் ஒரு புதன்கிழமை
ரசத்துல உப்பு என்ன இப்படி என்று
கத்திவிட்டேன்.
கரண்டியோடு நின்றவள்
இன்னொருக்கா திட்டுங்க என்றாள்.
வைகாசியில்
உப்பே போட மறந்த ரசத்தை
வாய் திறக்காமல் குடித்து எழுந்தேனாம்.

நிறுத்திரலாமுங்களா?
இன்னும் ஆறு மாசம்.

சரி.
மீதி அரையை
அட்டைக்குள் வைத்து மடித்தேன்.