காரணம், ஏதேனும் ஒன்று

பெயர்: அழகுமீனாள். வயது: இருபத்தாறு.
பணி: துணி மடிப்பு.
வேலையில் தொடர்கிறாரா? ஆம் / இல்லை.
இல்லையெனில் காரணம், ஏதேனும் ஒன்று:
ஆர்வமின்மை. உடல்நலம். குடும்பச் சூழல். திறன் போதாமை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
டிரஸ்ட்டிலிருந்து வரும் இந்தத் தாள்.
நிரப்புவது நான்.

கானாடுகாத்தானில் இந்த வீடு ஹோட்டலாகி ஒன்பது வருஷம்.
முகப்பில் வெள்ளைக்காரர்கள் தூணைப் படம் பிடிப்பார்கள்.
வளவில் சாப்பாடு.
கடைசிக் கட்டில் இரண்டு வாஷிங் மெஷின்,
மலையாய் வெள்ளை விரிப்பு,
ஓரத்தில் நான், கணக்குப் புத்தகம், ஆடும் ஃபேன்.

வந்த புதிதில் தலையணை உறையை
உள்பக்கம் வெளியே தெரிய மடித்தாள், பதினோரு நாள்.
பன்னிரண்டாம் நாள் சரியாக மடித்தாள்.
அதன்பிறகு தப்பவே இல்லை என்று எழுத ஆசைதான்.
தப்பியது.
கரண்ட் போனால் கையை எடுத்துவிடுவாள்.
மெஷினே நின்றபிறகு நமக்கென்ன என்பது அவள் நியாயம்.
'மடிக்கிறதுக்கு எதுக்குடி கரண்ட்டு' என்று
பாண்டிச்செல்வி கத்துவாள் இருட்டுக்குள்.

ஆனால் ஈரத் துண்டை அவள் அடுக்கில் வைத்ததில்லை.
ஒவ்வொன்றையும் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பாள்.
நாங்கள் வைத்திருக்கிறோம்.

கோட்டையூரிலிருந்து ஏழே முக்கால் பஸ்.
எழுத்தும் எண்ணும் அவளுக்கு ஓடாது.
நீல நிறம், நசுங்கிய பம்பர்,
முன் கண்ணாடியில் ஒட்டிய கிளி:
அதுதான் பஸ்.
அம்மா பெரியநாயகி ஒரு மாதம்
கூலியை விட்டுக் கூடவே வந்து பழக்கிய பஸ்.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை வண்டியை மாற்றினார்கள்.
அதே டிரைவர், அதே நேரம்.
மஞ்சள் நிறம். கிளி இல்லை.

திங்கள் வரவில்லை. செவ்வாய் வரவில்லை. புதன்.
ரெஜிஸ்டரில் மூன்று சிவப்புக் கோடு.
'இதெல்லாம் நிலைக்காதுன்னு அப்பவே சொன்னேன்'
என்றார் மேனேஜர்,
கெட்ட மனுஷர் இல்லை, கறிவேப்பிலை பில்லைப் பார்த்தபடி.
நானும் பேனா மூடியைக் கழற்றி
ஆர்வமின்மைக்கு டிக் போடப் போனேன்.
பட்டியலில் அது முதலாவது. வேறு காரணமில்லை.

அன்று சாயங்காலம் கோட்டையூருக்குக்
கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன பாண்டிச்செல்வி
ஸ்டாப்பில் பார்த்திருக்கிறாள்,
பை தோளில், நின்றபடி.
டீக்கடைக்காரர் சொன்னாராம்:
'மூணு நாளா நிக்கிதும்மா.
வர்ற பஸ்ஸையெல்லாம் பார்க்குது, ஏறமாட்டேங்குது.
மத்தியானம் டப்பாவைத் திறந்து சாப்பிடுது.
இருட்டினா வீட்டுக்குப் போயிடுது.'
டப்பா காலியாகத் திரும்பியதால்
பெரியநாயகிக்கும் தெரியவில்லை.

எட்டு நாள், பள்ளத்தூர்க்காரியான பாண்டிச்செல்வி,
எதிர்த்திசையில் கோட்டையூர் போய்
அவளை ஏற்றிக்கொண்டு வந்தாள்.
தாமதத்துக்கு அவளுக்கும் சிவப்புக் கோடு.

கண்டக்டர் கிளிப் படம் வாங்கி ஒட்டினார்
என்றெழுதினால் நன்றாயிருக்கும்.
ஒட்டவில்லை.
டிரைவர் தோளில் கிடக்கும் பச்சைத் துண்டை
அடையாளமாக வைத்துக்கொண்டாள்.
அவர் லீவு போட்டால் என்ன ஆகும், தெரியாது.

அவளுக்குக் கொடுப்பதைச் சம்பளம் என்று எழுதுவதில்லை.
ஊக்கத்தொகை. மற்றவர் வாங்குவதில் பாதிக்கும் கீழே.
மாற்றி எழுதலாமா என்று கேட்டதற்கு
பெரியநாயகி பதறினாள்:
'வேணாம்மா, மாசாமாசம் வர்ற சர்க்கார் பணத்தை
நிறுத்திருவாங்கன்னு பேசிக்கிறாங்க.'
நிறுத்துவார்களா?
எனக்கும் தெரியவில்லை, விசாரிக்கவும் இல்லை.

தாள் இன்னும் டிராயரில் கிடக்கிறது.
ஆம் என்றால் கீழே எதுவும் எழுத இடமில்லை.

மாசக் கடைசியில் கவரை வாங்கினாள்.
எண்ணத் தெரியாது, கனம் தெரியும்.
விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு
'குறையுது' என்றாள்.

மூணு நாள் பிடித்தம், நீ வரலையே, என்றேன்.

'நான் வந்தேனே' என்றாள்.
'பஸ்ஸுதான் வரல.'