அறுபத்தைந்து

மாதம் முப்பத்தெட்டு வெள்ளி கட்டுகிறேன்.
அளவில்லா இணையம் என்று
ஊத்தான் மெலிந்தாங் கடைவரிசையில்
மஞ்சள் பதாகைக்குள் சிரிக்கிறான் ஒருவன்.
அளவில்லைதான்,
கைப்பேசிக்குள்ளேயே அது கிடக்கும் வரை.
மடிக்கணினிக்குத் திருப்பினால்
மூன்று ஜிபி. அப்புறம்
ஐந்து ஜிபிக்குப் பத்து வெள்ளி.

குழாய்க்குக் காசு கட்டியாயிற்று.
குடத்தில் பிடித்தால் சரி,
வாளியில் பிடித்தால் வேறு கட்டணமாம்.

தரைவழி இணைப்பு
எண்ணெய் ஆலை முச்சந்தியோடு நின்றுவிட்டது.
எங்கள் வரிசை தோட்டத்து நிலம்,
தோண்ட அனுமதி இல்லை என்று
மூன்று வருஷமாக ஒரே பதிலை
வெவ்வேறு பெண்குரல்கள் சொல்கின்றன.

எனக்கு ராத்திரி வேலை.
கோலாலம்பூரில் யார் யாரோ காரை இடித்துக்கொள்கிறார்கள்.
அவர்கள் கிறுக்கிய காப்புறுதிப் படிவங்களை
இங்கே உட்கார்ந்து தட்டச்சு செய்கிறேன்.
பின்பக்கம் நசுங்கிய மைவி,
மாடு குறுக்கே வந்த ஹைலக்ஸ்.
படங்களோடு எடை கூடி இறங்கும் ஒவ்வொன்றும்.
பதினோராம் தேதிக்குள் மூன்று ஜிபி தீர்ந்துவிடும்.
படிவத்துக்கு அறுபது காசு.
பதினேழு தட்டினால்தான் அந்தப் பத்து வெள்ளி.

ஒரு ஞாயிறு முழுக்கக் குடைந்து படித்தேன்,
எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள் என்று.
அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்தின் நெற்றியிலும்
ஓர் எண் இருக்கிறதாம்.
ஒரு வாசல் கடந்தால் ஒன்று குறையும்.
கைப்பேசியில் பிறந்தது
அறுபத்துநாலோடு கோபுரம் ஏறும்.
மடிக்கணினியில் பிறந்தது
இடையில் ஒரு வாசல் தாண்டி வருவதால்
கணக்குப் பிசகி நிற்கும்.
அங்கே கழுத்தைப் பிடிக்கிறார்கள்.

கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி.
அறுபத்தைந்து என்று மாற்றி வைத்தேன்.
வாசலில் ஒன்று உதிர்ந்ததும்
அறுபத்துநாலு.
அந்த வீட்டிலேயே பிறந்த பிள்ளை மாதிரி
நிமிர்ந்து நடந்து போகிறது.

தப்பா என்று தனபாலனிடம் கேட்டேன்.
செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறவர்.
ஆலை எடைமேடையில் ஈரத்துக்கென்று
நடைக்கு நடை கழிப்பார்கள்.
சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்:
"அவன் கழிக்கிறான். நீ ஒண்ணு கூட்டு."

அதிலிருந்து மேசை விசிறி
என் பக்கம் திரும்புவதில்லை.
சன்னல் கம்பியில் கட்டிய கைப்பேசிக்குத்தான் காற்று.
தொட்டால் சுடும்,
இட்லிச் சட்டி மூடி மாதிரி.

நேற்று இரவு பதினொன்றே கால்.
பக்கத்து வீட்டுத் துர்காஷினி, கையில் போன்.
"பூரணிக்கா, டேட்டா முடிஞ்சிருச்சு.
யுனிவர்சிட்டி பாரம், பன்னெண்டு மணிக்கு மூடிடுவாங்க.
ஹாட்ஸ்பாட் தாங்களேன்."

அவள் போனில் எண்ணை மாற்ற வழியில்லை.
அறுபத்துமூன்றாகப் போய் நிற்கும்.
காட்டிக்கொடுக்கும்.
"எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன்.
கேட்டது என் வாய்தான்.
குரல் அந்தக் கம்பெனிப் பெண்ணுடையது.

அவளுக்குப் புரியவில்லை.
"என்னக்கா, காசா?"

கடவுச்சொல்லைச் சொன்னேன்.
படியில் குந்திக்கொண்டு
அப்பா சம்பளம் என்ற கட்டத்தில்
வெகுநேரம் விரலை வைத்திருந்தாள்.
பதினொன்று ஐம்பத்தாறுக்கு எழுந்து
கொசு கடித்த காலைச் சொறிந்தபடி போனாள்.

இன்று மத்தியானம் குறுஞ்செய்தி.
தாலி அடகுச் சீட்டைப் பிரிப்பதுபோல் திறந்தேன்.

"அன்பார்ந்த வாடிக்கையாளரே,
இம்மாத ஹாட்ஸ்பாட் ஒதுக்கீட்டில்
0.04 ஜிபி பயன்படுத்தியுள்ளீர்கள்.
மீதம் 2.96."

ஒளிந்து ஒளிந்து ஓட்டிய ஓட்டத்தில்
நேர்வழியில் கிடைத்த மூன்று ஜிபி
தொடாமலே கிடந்திருக்கிறது, எத்தனை மாதமாகவோ.
ஒவ்வொரு முதல் தேதியும் அழிந்து
மறுபடி நிறைந்து.

சுவரைத் தட்டித்
துர்காவிடம் சொல்லலாம் என்று எழுந்தேன்.
அதற்குள் அடுத்த கார் இறங்கிவிட்டது:
ஜாலான் ஈப்போ, இடப்பக்கக் கதவு,
இடித்தவர் நிற்கவில்லை.